நூறு சதவீத வருகை

பரிசுப் பட்டியலைத் தயாரித்தது நான்தான். அதனால் வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஆவணப் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். பழைய மெய்நிகர் வகுப்புகளை அரசு இந்த வருடத்தோடு மூடுகிறது. மூடுவதற்கு முன் பழைய மாணவர்களைக் கூப்பிட்டு, கண்ணாடி மாட்டிவிட்டு, அவரவர் வகுப்புக்குள் கடைசியாக ஒரு சுற்று கூட்டிப்போய் வர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கூடவே நாலைந்து பரிசு. பரிசு கொடுக்காமல் நம் ஆட்கள் ஒரு விழாவை முடித்ததாகச் சரித்திரம் இல்லை. நானும் ஒவ்வொரு தலைப்பாகத் தட்டிக்கொண்டே வந்தேன். 'நூறு சதவீத வருகை' என்ற தலைப்புக்கு எதிரே கணினி ஒரே ஒரு பெயரைக் காட்டியது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே பெயர்.

ச. சஷ்டிகா. எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஒரு நாள்கூட விடுப்பு இல்லை.

சஷ்டிகா எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே பள்ளியை விட்டவள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதன் பிறகு அவளுக்குப் பதிலாக 'உள்ளேன் டீச்சர்' சொன்னது நான்.

பெயரை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுக்கலாம், காரணம் எழுத வேண்டும் என்றது திரை. காரணம் எழுதும் கட்டத்தில் வெகுநேரம் புள்ளி மின்னிக்கொண்டே இருந்தது. நான் எதுவும் எழுதவில்லை. ஐந்து மணிக்கு அழைப்பிதழ் தானாகப் போய்விட்டது.

*

எங்கள் வகுப்பு ஒரு ரயில்.

இப்போது சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். காவிரிக்கரையில் ஒரு தறி ஊர் எங்களுடையது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் போக வேண்டும். ஏழாம் வகுப்புக்கு மேல் எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் கிடையாது. அதற்குப் பதிலாகச் சமுதாயக் கூடத்தில் எட்டுக் கண்ணாடிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். கண்ணாடிகளுக்குச் சார்ஜ் போட ஓர் அக்கா. எங்களைப் போல இன்னும் மூன்று ஊர்களில் மூன்று கூடங்கள். எல்லாம் சேர்த்து முப்பத்தொரு பேர். டீச்சர் எங்கோ கரூரில் தன் வீட்டில் உட்கார்ந்திருப்பார். கண்ணாடியை மாட்டினால் முப்பத்தொரு பேரும் ஒரே பிளாட்பாரத்தில் நிற்போம்.

ரயிலை ஓட்டுவதே பாடம். நான் டிரைவர். எந்த வேகத்தில் போனால் எத்தனை மணிக்கு மானாமதுரை என்று கணக்குப் போட்டால்தான் வண்டி நேரத்துக்குப் போகும். பாம்பன் பாலத்தில் நெம்புகோல். குன்னூர் ஏற்றத்தில் பல்சக்கரமும் உராய்வும். செங்கோட்டை தாண்டும்போது மழை பிடித்துக்கொள்ளும், அது ஏன் இந்தப் பக்கம் வராமல் அந்தப் பக்கமே கொட்டுகிறது என்று டீச்சர் ஜன்னலோரமாக நின்று கேட்பார். வெளியே கூடத்தைச் சுற்றித் தறிகள் சடசடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் எங்கள் காதில் தண்டவாளச் சத்தமாகவே விழுந்தது. கரண்ட் போய்த் தறி நின்றால் ரயிலே நின்ற மாதிரி இருக்கும். இன்றும் எனக்கு இந்த உலகத்தில் திரும்பிப் போக ஒரே ஓர் இடம் கொடுத்தால் அந்த எஞ்சின் பெட்டிக்குத்தான் போவேன்.

சஷ்டிகா வண்டியின் கார்டு. கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நிற்பாள். அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. டீ விற்கிறவர் வண்டியிலிருந்து இறங்கும் வரை கொடியைக் காட்டமாட்டாள். அவர் விளையாட்டில் வருகிற பொம்மை மனிதர், ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தாலும் ஒன்றும் ஆகாது. "பாவம்டி, கெட்டில் சூடா இருக்குதல்லொ" என்பாள். எங்களுக்குப் பத்துப் பதினைந்து விநாடி போகும். நான் எஞ்சினிலிருந்து கத்துவேன்.

அந்த வகுப்பில் ஒரு விதி இருந்தது. முப்பத்தொரு பேரும் வந்தால்தான் வண்டி நகரும். ஒருவர் வராவிட்டாலும் சிவப்பு விளக்கு. முதல் மாதத்தில் மோனிஷுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து ஒரு நாள் முழுக்க வண்டி திண்டுக்கல்லில் நின்றது. மாவட்டத்தில் நாற்பது ரயில்கள் ஓடின, எங்கள் இடம் மூன்றிலிருந்து பத்தொன்பதுக்கு இறங்கியது. கன்னம் வீங்கிக் கிடந்தவன் வீட்டுக்கே போய்த் திட்டிவிட்டு வந்தோம். அப்படிப்பட்ட நல்ல பிள்ளைகள் நாங்கள்.

அப்புறந்தான் 'காய்ச்சல் துணை' என்று ஒரு வசதி வந்தது. உடம்பு சரியில்லாத பிள்ளையின் இடத்தில் இயந்திரமே அந்தப் பிள்ளையைப் போல நடந்துகொள்ளும். அதுவரை அவள் பேசியது, எழுதியது, சிரித்தது எல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் பிள்ளையே வந்து தன் குரலில் வருகை சொல்ல வேண்டும். இல்லையென்றால் வண்டி நின்றுவிடும். வீட்டிலிருந்து காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்த நாள்தான் விடுப்பு, மற்றபடி துணை உட்கார்ந்த நாளும் வருகையாகவே ஏறும், டீச்சருக்கும் வித்தியாசம் தெரியாது.

அந்த வருடம் கார்த்திகையில் சஷ்டிகாவின் அப்பாவுக்குத் தறியில் கை போய்விட்டது. வலது கை, மூன்று விரல். பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு அனுப்பினார்கள். கிளம்புகிற அன்று கூடத்து வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"ரெண்டே வாரந்தான் தரணி. மாமா காசு அனுப்புனதும் வந்துருவேன். அதுவரைக்கும் என்ற பேருக்கு நீ சொல்லிப்போடு. உனக்குத்தான் என்ற கொரல் வருமே."

எனக்கு வரும். மூக்கால் பேசுகிற அவள் குரலைப் பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பேன். அதனால் இரண்டு வாரம் சொன்னேன். மூன்று நாளைக்கு ஒருமுறை அவள் கண்ணாடியை மாட்டி, மூக்கைச் சுருக்கி, 'உள்ளேன் டீச்சர்'. அப்புறம் அவள் இடத்தைத் துணை எடுத்துக்கொள்ளும், நான் என் கண்ணாடிக்கு ஓடிவந்து எஞ்சினில் ஏறிக்கொள்வேன். எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். சார்ஜ் போடும் அக்கா எட்டுப் பச்சை விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்ப்பார்.

இரண்டு வாரம் முடிந்தது. அவள் வரவில்லை.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு வாரம் அவளுக்காகச் சொன்னேன். அதற்குப் பிறகு ரயிலுக்காகச் சொன்னேன். நாங்கள் அப்போது மாவட்டத்தில் இரண்டாவது இடத்தில் இருந்தோம். பத்தாம் வகுப்பு முடியும் வரை நூற்று அறுபத்தெட்டு முறை. எண்ணிக்கை எனக்கு எப்படித் தெரியும் என்றால் பதிவேடு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அந்த வருடங்களில் பொதுத்தேர்வு கிடையாது, ரயிலில் வாங்கிய மதிப்பெண்தான் சான்றிதழ். அந்தத் துணை ஐந்நூற்றுக்கு நானூற்று முப்பத்தேழு வாங்கியது. கடைசி நாள் வரை டீக்காரர் இறங்கும்வரை கொடி காட்டாமல் காத்திருந்தது. நாங்கள் பதினாறு வயதில் மீசையும் பருவும் கண்டு நிற்கையிலும் அது பதின்மூன்று வயதுச் சிரிப்பையே சிரித்தது. எனக்கு அதன் மேல் ஒட்டுதல் வந்துவிட்டது, நிஜமான சஷ்டிகாவை மறக்கும் அளவுக்கு.

*

அழைப்பிதழ் போன நாலாம் நாள் அவளே அலுவலகத்துக்கு வந்தாள். இருபத்துமூன்று வருடம் கழித்தும் நடையை வைத்து அடையாளம் தெரிந்தது. தலையில் பஞ்சுத் தூசு ஒட்டியிருந்தது, ஷிப்டு முடிந்து நேராக வந்திருக்கிறாள். கையில் அழைப்பிதழ்.

"ஏண்டி தரணி, எனக்கு எதுக்குடி பரிசு?"

உட்காரச் சொன்னேன். டீ வாங்கிவரச் சொன்னேன். அவள் கண்ணைப் பார்க்காமல் என்னென்னவோ பேசினேன். அவள் விடவில்லை.

"மூணு வருசம் முன்னால மாலைப்பள்ளிக்குப் போனேன். எட்டாங்கிளாஸ் பாதியிலிருந்து படிக்கோணும்னு கேட்டேன். பேரைத் தட்டிப் பாத்துட்டு, 'நீங்க பத்தாவது பாஸுங்க, சேர்க்க முடியாதுங்க'ன்னுட்டாங்க. வேற யாரோ சஷ்டிகாவா இருக்கும்னேன். போட்டோவைக் காட்டுனாங்க. நாந்தான், ரெட்டை ஜடையோட."

"சர்டிபிகேட் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

எனக்குள் இருக்கும் அலுவலக மூளை சட்டென்று வேலை செய்தது. "அப்பறம் என்னடி? அதை வெச்சுப் பாலிடெக்னிக்ல சேர்ந்துக்கலாமே. எந்திர டெக்னீஷியன் படிப்புக்குப் பத்தாவது போதும். யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க."

"சேர்ந்தேன்," என்றாள். "ஒரு வாரம் போனேன். போர்டுல என்னமோ எழுதறாங்க, எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டுது. எனக்கு ஒரு எழுத்தும் ஏறுல. ஒரு சார் எந்திரிக்கச் சொன்னாரு. 'நானூத்தி முப்பத்தேழு வாங்கியிருக்கீங்க, பின்னத்தைக் கூட்டத் தெரியாதா, இந்த மார்க்கை எங்க வாங்குனீங்க'ன்னாரு. பாதிப்பேரு என்ற பொண்ணு வயசு. எல்லாம் சிரிச்சுதுங்க. அதோட வந்துட்டேன்."

டீ வந்தது. இருவரும் தொடவில்லை.

"மில்லுல மிசினு நின்னா சத்தத்தை வெச்சே எங்க கோளாறுன்னு சொல்லிப்போடுவேன் தரணி. ஆனா ஏன் அப்புடி ஆவுதுன்னு எனக்குத் தெரியோணும். அதுக்குப் பின்னத்திலிருந்து வரோணும். பாஸ் ஆனவளை யாரும் பின்னத்துல உக்கார வெக்கமாட்டேங்கறாங்க." அழைப்பிதழை மேசையில் வைத்து என் பக்கமாகத் தள்ளினாள். "எனக்குப் பரிசு வேண்டாம். என்னை ஆப்சென்ட் போடு."

போடலாம். போட்டால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் என் வேலை போகும். அது மட்டும் இல்லை, முப்பத்தொரு பேரும் சேர்ந்து ஓட்டிய வண்டியின் மதிப்பெண்தான் எல்லோருடைய சான்றிதழும். மோனிஷ் இப்போது வக்கீல். ஒருத்தி மருத்துவர். எல்லோரையும் இழுத்துவிடும் என்று அவளிடம் சொன்னேன். "பாக்கறேன்" என்றேன். அரசு அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவளுக்கும் தெரியும். எழுந்து போய்விட்டாள்.

*

விழாவன்று கண்ணாடியை மாட்டியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதே பிளாட்பாரம், அதே மஞ்சள் பலகை. முப்பத்தாறு வயது உடம்புகள் எல்லாம் பள்ளிச் சீருடையில் நின்றன, அமைப்பு அப்படி. தொப்பையும் நரையும் எதுவும் தெரியவில்லை. மோனிஷ் டிக்கெட் பரிசோதகர் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டான். "தரணிகா, எஞ்சின்ல ஏறு, ஏறு" என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள். விசையைப் பிடித்ததும் என் உள்ளங்கை தன் வேலையைத் தானே செய்தது. கடைசிப் பெட்டியில் கொடியோடு யாரோ நிற்பது எஞ்சினின் பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. நிஜ சஷ்டிகாவா, துணையா என்று அங்கிருந்து தெரியவில்லை.

லோகநாயகி டீச்சர் பிளாட்பார மேடையில் ஏறினார். எழுபதை நெருங்குகிறவர், கரூரில் அதே வீட்டில் இருக்கிறார். உருவம் மட்டும் பழைய டீச்சர்.

"நல்லாருக்கீங்களா சாமிகளா? நான் ரொம்பப் பேசல. ஒரு விசயம் மட்டும் சொல்லிப்போடறேன். ஒரு ஆள் வரலைன்னா வண்டி நிக்குமே, ஞாபகம் இருக்குதா? என்னைய எவ்வளவு திட்டியிருப்பீங்க! அந்த விதியைப் போடச் சொன்னது நாந்தான்."

சிரிப்பு எழுந்தது.

"நீங்க அதைத் தண்டனைன்னு நெனச்சீங்க. அது எனக்கு அடிச்ச மணி. நான் கரூர்ல உக்காந்திருக்கேன், நாலு ஊர்ல பிள்ளைங்க. எவ புள்ள மில்லுக்குப் போச்சு, எவ புள்ளைக்குக் கல்யாணம் பேசுறாங்கன்னு எனக்கு எப்புடித் தெரியும்? வண்டி நின்னாத் தெரியும். நின்னதும் பஸ் ஏறிருவேன். முந்துன பேட்சுல அப்புடி ஏழு பிள்ளைகளைக் கூட்டியாந்திருக்கேன்." டீச்சர் மேடை ஓரம் வரை நடந்து வந்தார். "உங்க பேட்சுலதான் மோனிஷுக்கு அடிச்சதோட சரி, அப்பறம் மணியே அடிக்கல. ரெண்டரை வருசம் வண்டி ஒரு நாள் நிக்கல. ஒரு பிள்ளைகூட விட்டுப்போகல. நான் வாத்தியாரா இருந்து உருப்படியாச் செஞ்சது அது ஒண்ணுதான் கண்ணு. அதுக்குத்தான் இந்தப் பரிசை என்ற கையால குடுக்கோணும்னு கேட்டு வாங்குனேன். சஷ்டிகா, வா தங்கம்."

கடைசிப் பெட்டியிலிருந்து யாரும் இறங்கவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு அதுதான் தோன்றியது. எழுபது வயதில் ஒருவர் வைத்துக்கொண்டிருக்கும் ஒரே சந்தோஷத்தை எதற்குப் பிடுங்க வேண்டும்? என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இதைவிடக் கௌரவமான சாக்கு எனக்குக் கிடைக்கப் போவதில்லை. அது சாக்கு என்று தெரிந்ததால்தான் எஞ்சினிலிருந்து இறங்கினேன்.

"டீச்சர், சஷ்டிகா வரலைங்க."

"ஏன், லேட்டாகுமா?"

"எட்டாவது அரையாண்டிலிருந்தே வரலைங்க. நாந்தான் அவ குரல்ல சொன்னேன். பல்லடத்துல மில்லுக்குப் போயிட்டா. நாங்க யாரும் சொல்லலை."

மோனிஷ் என் கையைப் பிடித்து இழுத்தான். "என்ன பேசற நீ? எல்லாத்தோட மார்க்கும் போகும்டி. நிறுத்து." நான் நிறுத்தவில்லை. நூற்று அறுபத்தெட்டு முறை என்றும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மேடையில் டீச்சரின் உருவம் கண் மூடாமல், அசையாமல் நின்றது. அந்தப் பக்கம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார் என்று அர்த்தம்.

*

விசாரணை நாலு மாதம் நடந்தது. மற்றவர்கள் அப்போது சிறுவர்கள், அவரவர் பாடம் அவரவர் படித்ததுதான் என்று சொல்லி அவர்கள் சான்றிதழில் கை வைக்கவில்லை. மோனிஷே வாதாடினான், அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை. பொய்ப் பதிவு என்று தெரிந்தும் அழைப்பிதழை அனுப்பவிட்ட குற்றத்துக்காக என்னைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். டீச்சருக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

சஷ்டிகாவின் பத்தாம் வகுப்பை ரத்து செய்தார்கள். மறுநாளே அவள் மாலைப்பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்ந்தாள். அங்கே கண்ணாடி, ரயில் எதுவும் இல்லை. ஒரு அறை, ஒரு கரும்பலகை, எண்ணெய் கேட்டுக் கத்தும் ஒரு மின்விசிறி. சேர்க்கைப் படிவத்தில் 'வராவிட்டால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்' என்ற இடத்தில் கணவர் பெயருக்குப் பதிலாக என் பெயரை எழுதியிருக்கிறாள். அது எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணி பத்து நிமிடத்துக்குப் போனில் செய்தி வந்தது. சஷ்டிகா இன்று வகுப்புக்கு வரவில்லை.

ஒரு நாள்தானே, நாளைக்குப் பார்க்கலாம் என்று யாரும் நினைப்பார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மில் லைன் வீடுகளில் நாலாவது வீடு. கதவைத் தட்டினேன். தூக்கக் கலக்கத்தோடு வந்து திறந்தாள், டபுள் ஷிப்டு பார்த்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"ஒரு நாளுக்கா வந்தே?" என்றாள்.

"ஒரு நாளுக்குத்தான்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். முகம் கோணிக்கொண்டு வந்தது.

"மில்லு ஹாஸ்டல்ல போன் குடுக்கமாட்டாங்க. ஞாயித்துக்கெழமை மட்டும் வாசக் கேட்டைத் தொறப்பாங்க, பாக்க வர்றவங்களுக்கு. நான் சொன்ன ரெண்டு வாரம் முடிஞ்சுதல்லொ, அதுலயிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தலை சீவிப் பொட்டு வெச்சுட்டுக் வாசக் கேட்டுக்கிட்ட போய் நிப்பேன். கூட இருந்த புள்ளைங்க, யாருடி வரப்போறாங்கன்னு கேக்கும். டீச்சர் வருவாங்கன்னு சொல்லுவேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆறு மாசம் நின்னேன் தரணி. நான் இல்லாம வண்டி நகராதுன்னு அவங்ககிட்டச் சொல்லிச் சொல்லி, நானும் நம்பிட்டேன்."

அவள் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து நோட்டை எடுத்தாள். இரண்டாவது வகுப்பு ஏழு மணிக்கு. நடந்தால் போய்விடலாம் என்றாள், நடந்தோம்.